கிளாஸ் அடியில் வளையம்

குற்றாலம், ஐந்தருவி ரோடு
9.6.2025

உமாராணிக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கடைக்குப் பின்னால் இருக்கிற சுடலைமாடன் முன்னால் சூடம் கொளுத்தி, "உமாகிட்ட இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொல்லி அணைத்தேன். உன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். "எழுதலாமா?" என்று கேட்டார். கிண்டல்தான். "பேச மாட்டேன்னுதான சொல்லிருக்கேன். எழுத்து பேச்சா?" என்றேன். மாடன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் அது பேச்சு. டைப் அடிக்கலாம் என்றால், 'அ' எங்கே இருக்கிறது என்று நான் தேடி முடிப்பதற்குள் எண்ணெய் கருகிவிடும். ஆகையால் பேனா. நீ போன் பண்ணாதே.

இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. மே மாசக் கடைசியிலேயே ஐந்தருவியில் அஞ்சு கிளையும் விழுந்தது. இரண்டு நாள் போலீஸ் வந்து குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டது. குளிக்க விடாவிட்டால் ஜனம் என்ன பண்ணும், வடை தின்னும். எங்களுக்கு அந்த இரண்டு நாளும் இடுப்பு ஒடிந்தது. புளியங்குடியில் எலுமிச்சங்காய் லாரி விடுகிற ஒருவர், மஞ்சள் துண்டு போட்டிருந்தார், சொந்தக்காரர் ஏழு பேரோடு வந்து வடை கேட்டார். பழைய பேப்பரைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கித் திரும்பும்போது பேப்பரில் ஒரு மூக்கு தெரிந்தது. உங்கள் வீட்டு மூக்கு. அவர் கையில் இருந்து பொட்டலத்தைப் பிடுங்கி வடையை வேறு தாளுக்கு மாற்றிக் கொடுத்தேன். மனுஷர் பயந்துவிட்டார், வடையில் பல்லி விழுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

உன் கன்னத்தில் எண்ணெய் இறங்கிவிட்டது. எழுத்து தப்பியது. எழுத்துக்கூட்டி மூன்று தரம் படித்தேன். அப்படியே எழுதுகிறேன், நீ சொன்னது உனக்கே மறந்திருக்கும்:

'பதினொரு வயதில் என் தோழி மாஜிதா ஒரு டீ கிளாஸின் அடிப்பக்கம் வழியாகப் பல்பைப் பார்க்கச் சொன்னாள். பல்பு வளையமாகத் தெரிந்தது. இன்று வானத்தில் நான் பார்க்கும் வளையங்களுக்கு அதுதான் ஆரம்பம்.'

மாஜிதாவா காட்டினாள்?

தை மாசம், சபரிமலை போய்வந்த சாமிமார் கூட்டம். நான் ஆறாம் வகுப்போடு நின்று உன் அப்பா கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். நீ ஸ்கூல் விட்டு வந்து சோப்பு நுரையை ஊதிக்கொண்டு நிற்பாய். ஒரு கிளாஸ் கழுவினது கிடையாது. விளக்குப் போட்ட நேரம். கழுவின கிளாஸ் ஒன்றை எடுத்து உன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பல்பைப் பாருட்டி" என்றேன். நீ பார்த்தாய். வாயைத் திறந்தவள் மூடவில்லை. அந்த வாயால்தான் இன்று மாஜிதா பெயரைச் சொல்லியிருக்கிறாய்.

அதோடு போயிற்றா. நேற்று மாஜிதாவே வந்தாள். தென்காசியில் அவள் தையல் கடை இப்போது நன்றாக ஓடுகிறது. உன் பேப்பரை லேமினேட் பண்ணி அவள் கடைச் சுவரில் ஒன்று மாட்டியிருக்கிறாளாம். எனக்கு ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாவு புளிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 19 உன் பழைய ஸ்கூலில் பேச வருகிறாயாம். மாஜிதாவை மேடைக்குக் கூப்பிட்டு, கிளாஸைக் கையில் கொடுத்து, பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லப் போகிறார்களாம். ஊரே சொல்கிறது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் யார் என்று நீயே சொல். மாற்றிச் சொல்கிற வரைக்கும் நமக்குள் பேச்சு கிடையாது.

சங்கரேஸ்வரி

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்றும் எழுது. கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். உன் அண்ணன் ராக்கெட் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

*

புனே
17.6.2025

அன்புள்ள மைனி,

நான்கு முறை போன் பண்ணினேன். நான்கு முறையும் மணிமுத்து அண்ணன்தான் எடுத்தான். "அவ இங்கனதான் நிக்கா, பேச மாட்டாளாம்" என்றான். பின்னால் நீ பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது. சரி, நானும் பேனா எடுத்துவிட்டேன். தமிழில் கடிதம் எழுதிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் திட்டாதே.

முதலில் நீ கேட்டது. ராக்கெட் இல்லை. அண்ணனிடம் சொல்.

நம் சூரியன் மாதிரி கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு கேலக்ஸி என்று பெயர். நாம் இருப்பதும் ஒரு கேலக்ஸியில்தான். இதில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நட்சத்திரம் புதிதாகப் பிறந்தால் அதிகம். நான் பார்ப்பது வேறு ரகம். மிகத் தூரத்தில், ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் இங்கே வந்து சேர்கிற கேலக்ஸிகள். அவற்றில் சிலவற்றில் வருஷத்துக்கு ஆயிரம் சூரியன் பிறக்கிறது. ஏன் அவ்வளவு வேகம், பிறகு ஏன் நின்றுபோகிறது, அதுதான் என் வேலை.

அவ்வளவு தூரத்தில் இருப்பது எங்கள் கருவிக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அதற்கும் நமக்கும் நடுவில், நேர் குறுக்கே இன்னொரு கேலக்ஸி இருந்துவிட்டால், அதன் கனத்தில் பின்னால் வரும் வெளிச்சம் வளைந்து, கூடி, பத்து மடங்கு பெரிதாக இங்கே வந்து சேரும். ஐந்தருவியை நினைத்துக்கொள். வருகிற ஆறு ஒன்றுதான். பாறை குறுக்கே கிடப்பதால் ஐந்தாக விழுகிறது. அது மாதிரி ஒரே கேலக்ஸி நான்கு துண்டாகத் தெரியும். அது, நடுவில் இருப்பது, நாம், மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் முழு வளையம். நீங்கள் டீ ஊற்றும் கிளாஸின் தடித்த அடிப்பக்கம் பல்பை என்ன செய்ததோ, அதேதான்.

நடுவில் இருக்கிறது பாரு, அது பெரும்பாலும் பெரிய, வயதான, கனத்த கேலக்ஸி. அதில் புதிதாக எதுவும் பிறப்பதில்லை. எல்லோரும் பின்னால் இருக்கிற அழகியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நடுவில் இது இல்லாவிட்டால் அவள் தெரியவே மாட்டாள். நீயும் எனக்கு அப்படித்தான் மைனி. நீ நடுவில் இருந்து வீட்டைத் தாங்கியதால்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இனி கிளாஸ் விஷயம். நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கையை என் கண் முன்னால் இப்போதும் பார்க்கிறேன். அது மாஜிதா கை. உனக்கும் எனக்கும் ஆயிரம் ஞாபகம் இருக்கிறது. இந்த ஒன்று அவளுடையதாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

உமா

*

குற்றாலம்
26.6.2025

உமாராணிக்கு,

உன் கடிதத்தை தபால்காரர் வேல்சாமி நேராக அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இஞ்சி டீ போட்டேன். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி இன்னும் பூக்கவில்லை, அதற்குள் போட்டோ எடுக்க ஒரு கூட்டம் வந்து வெறும் செடியோடு நின்று எடுத்துவிட்டுப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக் கேட்டுக்கொண்டே பிரித்தேன். அவர் போன பிறகு படித்தேன். அவர் முன்னால் படிக்காதது நல்லதாயிற்று.

ராக்கெட் இல்லை என்று உன் அண்ணனிடம் சொன்னேன். ஐந்தருவி, பாறை எல்லாம் விளங்கியது. அஞ்சாவது பத்திக்கு வந்தேன்.

பெரிசு. கிழடு. கனம். புதிதாக எதுவும் பிறக்காது. 'நீயும் எனக்கு அப்படித்தான் மைனி.'

கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம் ஆகிறது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை போனோம் என்று உனக்குத் தெரியும், இரண்டு தரம் நீயும் கூட வந்தாய். மூன்றாவது தரம் திரும்பி வரும்போது ஆரியங்காவில் பஸ் நின்றது. உன் அண்ணன் இறங்கிப் போய் இரண்டு நேந்திரம்பழம் வாங்கிவந்து ஒன்றை என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. அதைப் பற்றிப் பேசினதும் இல்லை. உன் அம்மா, அவள் வாய் எப்படிப்பட்டது என்று குற்றாலத்துக்கே தெரியும், அவள்கூட சாகிற வரைக்கும் இந்த ஒரு வார்த்தையை என் முகத்துக்கு நேரே சொன்னது கிடையாது. நீ சொல்லிவிட்டாய். அதுவும் அச்சடித்தது மாதிரி அழகான கையெழுத்தில்.

மாஜிதாவுக்கு மூன்று பிள்ளை. அப்போ பின்னால் இருக்கிற அழகி அவள்தான். வருஷத்துக்கு ஆயிரம் சூரியன். நான் குறுக்கே கிடக்கிற பாறை.

முந்தாநாள் அவள் கடைக்கு ஜாக்கெட் வாங்கப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் தைக்கக் கொடுத்து ஒரு மாசம் ஆயிற்று. 19-ந் தேதிக்கு அவள் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். மயில்கழுத்துப் பச்சை. என்னிடம் காட்டி, "ஏட்டி சங்கரி, மேடையில நிக்கதுக்கு இது எடுக்குமா, இல்ல கண்ணப் பறிக்குமா?" என்று கேட்டாள். நன்றாக எடுக்கும் என்றேன். எடுக்கத்தான் செய்யும், அவள் நிறத்துக்கு. அவள் நாலு அடி தள்ளிப் போனதும் அந்தப் புடவையை ஒரு கிள்ளு கிள்ளினேன். இதை உன்னிடம் எழுத எனக்கு வெட்கமில்லை.

நான் உனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் 'ஏட்டி', உன் அண்ணனைக் கட்டினதும் ஒரே நாளில் 'மைனி' ஆனேன். பெரிய மரியாதை என்று அன்றைக்கு சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் புரிகிறது, மாஜிதா இன்றுவரை உனக்கு மாஜிதாவேதான்.

கை மாஜிதா கை என்று கண்ணால் கண்டாயாமே. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஆயிரம் கோடி வருஷத்தைப் பார்க்கிறாயா?

இனிமேல் எழுதவும் மாட்டேன். இதற்குச் சத்தியம் தேவையில்லை.

ச.

*

புனே
3.7.2025

மைனிக்கு,

நீ எழுத மாட்டாய். பரவாயில்லை, படி.

அந்த ஐந்தாவது பத்தியை எழுதும்போது நான் என்னை மெச்சிக்கொண்டேன். எவ்வளவு பொருத்தமாக உவமை வந்துவிட்டது என்று. உன் கடிதம் வந்த பிறகு அதைத் திரும்ப உன் கண்ணால் படித்தேன். ஆரியங்காவு நேந்திரம்பழம் எனக்குத் தெரியாது, அண்ணன் சொன்னதில்லை. தினமும் 'பிறக்கிறது, பிறப்பதில்லை' என்றே எழுதி எழுதி அந்த வார்த்தைக்கு வீட்டில் என்ன அர்த்தம் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் அது உன் நியாயம்.

ஒன்று சொல்லட்டுமா. பொறாமை உனக்கு மட்டும் இல்லை. அம்மா கடைசி நாளில் நான் புனேயில் இருந்து ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்றேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சங்கரி எங்க?" என்று கேட்டாள். நீ உள்ளே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய். என் கையை விட்டுவிட்டு உன் கைக்காகக் காத்திருந்தாள். அதை இந்த ஏழு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் மைனி என்று கூப்பிட ஆரம்பித்தது மரியாதையால் மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் என் இடத்துக்கு நீ வந்துவிட்டாய், உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளாஸ் விஷயத்தில் நான் ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தேன் என்றால், எனக்கு முகம் ஞாபகம் இல்லை. கை மட்டும்தான் ஞாபகம். கிளாஸைப் பிடித்திருந்த விரல் நுனிகள் நல்ல சிவப்பு, மருதாணிச் சிவப்பு. உன் விரல்கள் அந்தச் சீசன் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும். அப்போது பெருநாள் சமயம் வேறு. மருதாணி என்றால் மாஜிதாதானே. அப்படித்தான் முடிவு பண்ணினேன். யோசித்துப் பார்த்தால் இது சாட்சி ஆகாது. இப்படி ஒரு மாணவி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன்.

அதனால் இதை உன்னிடமே விடுகிறேன். மாஜிதா வேண்டாம், காட்டியது நான்தான் என்று நீ ஒரு வரி எழுது. பள்ளிக்குச் சொல்லி அவளை வர வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறேன். மேடையில் நீ மட்டும் நிற்பாய். பேப்பருக்கும் எழுதுகிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன். உன் வார்த்தை போதும்.

ஒரு வரி. 19-க்கு முன்னால் வரட்டும்.

உமா

*

குற்றாலம்
11.7.2025

உமாவுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். அது சத்தியம் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு, ஆகையால் எழுதலாம்.

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நீ கேட்ட ஒரு வரியை அன்றைக்கே எழுதினேன். 'காட்டினது நான்தான், மாஜிதா வேண்டாம்.' கவரில் போட்டு ஒட்டி, கல்லாப்பெட்டி மேலே வைத்தேன். வேல்சாமி அண்ணாச்சி வந்தார், டீ குடித்தார், ராயகிரியில் தன் மச்சினன் வீட்டுப் பசு தோட்டத்துக் கிணற்றில் விழுந்து தீயணைப்பு வண்டி வந்து தூக்கின கதையை முழுசாகச் சொன்னார். அது என்ன நிறம் என்றுகூடக் கேட்டேன். அவர் போகிற வரைக்கும் கவரை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நேற்று அதை அடுப்பில் போட்டேன்.

மருதாணி என்று எழுதியிருந்தாயே, அது என் கைதான். என் கையில்தான் மருதாணி இருந்தது. போட்டுவிட்டது மாஜிதா.

கழுவின கிளாஸ் என்று முதல் கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அது பொய். முழுசாகச் சொல்கிறேன் கேள்.

அப்போது மாஜிதா வீடு இங்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் உம்மா ஹாஜரா பீவி மருதாணி அரைத்து வைத்திருந்தாள். பால் கொண்டுபோய்க் கொடுக்க உன் அப்பா என்னை அனுப்பினார். "கைய நீட்டுட்டி, இப்பிடி வெள்ளக் கரப்பான் மாதிரி இருக்கு" என்று சொல்லி மாஜிதா என் பத்து விரலுக்கும் தொப்பி போட்ட மாதிரி அப்பிவிட்டாள். மறுநாள் நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தூக்குவாளியை வாங்கப் போனேன். கஞ்சி கொடுத்தார்கள். பிறகு கடுங்காப்பி, தடித்த அடி வைத்த கிளாஸில். மாஜிதா கடைசிச் சொட்டைக் குடிக்கத் தலையை அண்ணாந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பல்பைப் பார்க்கிறாள், கிளாஸ் இன்னும் வாயில் இருக்கிறது. "சங்கரி, பல்பு மோதிரமாயிட்டுட்டி" என்றாள். என்னிடம் கொடுத்தாள். நானும் பார்த்தேன்.

அவள்தான் சொன்னாள். "உமாகிட்ட நாளைக்குப் பெருநாள் அன்னைக்கு ரெண்டு பேருமாக் காட்டுவோம். அதுவரைக்கும் சொல்லிராத." நான் சரி என்றேன். அந்தக் கிளாஸைக் கேட்டேன். கொடுத்தாள்.

கையில் கிளாஸோடு கடைக்கு வந்தேன். நீ நுரை ஊதிக்கொண்டிருந்தாய். உன்னிடம் புத்தகம் இருந்தது, யூனிபார்ம் இருந்தது, மாஜிதாவும் நீயும் ஒரே பெஞ்சு. நான் மட்டும் சாக்கடைப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அன்றைக்கு ஒரு நாள்தான் நடந்தது. நாளை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. காட்டிவிட்டேன்.

பெருநாள் அன்று மாஜிதா புதுப் பாவாடையோடு இன்னொரு கிளாஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். நீ சட்டென்று, "இது எனக்குத் தெரியுமே, நேத்தே பாத்துட்டேன்" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். கிளாஸைத் திரும்பத் துணியில் சுற்றினாள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதுவரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

லேமினேட் பண்ணிக் கொண்டுவந்த அன்றைக்கு என்னவோ சொல்ல வந்தாள், மாவு புளிக்கிறது என்று ஓடினேன் என்று எழுதினேனே. ஓடின பிறகும் அவள் போகவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். "ஏட்டி, உமா மாத்திச் சொல்லிட்டாட்டி. அவளுக்குக் காட்டுனது நீதான. பேப்பர்ல மாத்திப் போடச் சொல்லவா?" நான் உள்ளே மாவில் கையை விட்டபடி நின்றேன். அவள் என்னைக் குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் அதைக்கூட எனக்கே கொடுக்க வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே உனக்கு முதல் கடிதம் எழுதினேன். சத்தியம் பண்ணினதெல்லாம் உன்மேல் இருந்த கோபம். கடிதம் எழுதினது அவள்மேல் இருந்த கோபம்.

அதனால் உன் அஞ்சாவது பத்தி. வயசாச்சு, கனம் கூடிப்போச்சு என்றது போகட்டும். நடுவில் நின்று வளைத்தவள் நான்தான். அந்த மட்டும் நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதை அழகான கையெழுத்தில் எழுதினதை நான் மறக்க மாட்டேன்.

மாஜிதா மேடைக்கு வரட்டும். பச்சைப் புடவைதான் எடுக்கும். நான் பின்னால் உட்காருகிறேன். என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் உன்னோடு பேச முடியாது, மாடன் முன்னால் சொன்னது அப்படியே இருக்கிறது.

சங்கரி

*

குற்றாலம்
24.7.2025

ஏட்டி உமா,

சத்தியம் உடைந்தாயிற்று, போனில் பேசலாம். ஆனால் பேசினால் நீ நடுவில் பேசுவாய். ஆகையால் இந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

மாடனுக்குச் சேவல் நேர்ந்திருக்கிறேன். உடைத்தது நானாக இருந்தாலும் உடைய வைத்தது நீ. முந்நூறு பிள்ளைகள் முன்னால், மைக்குப் பக்கத்தில், கிளாஸை அப்படியா பிடிப்பாய்? மாஜிதா என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் காட்டினார்கள் என்று நீ சொன்னபோதும் திறக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினேன். நீ மெழுகுவர்த்தியைப் பார்க்கச் சொல்லி ஒரு பிள்ளையின் கண்ணில் கிளாஸைச் சாய்த்து வைத்தாய். அது "ரெண்டு துண்டாத் தெரியுது மிஸ்" என்கிறது. எனக்குப் பொறுக்குமா. "ஏட்டி, சாய்க்காத, நேராப் பிடி" என்றேன். மைக்கில் விழுந்துவிட்டது. ஸ்கூலே சிரித்தது. டாக்டர் உமாராணியை 'ஏட்டி' என்று சொன்ன ஒரே ஆள் நான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்கள்.

மேடைக்கு வருவதற்கு முன்னால், வராண்டாவில் வைத்து, மாஜிதாவிடம் எல்லாம் சொன்னேன். பழைய கிளாஸ் கதை, புடவையைக் கிள்ளினது, எல்லாம். "தெரியும்ட்டி" என்றாள். உமா அன்றைக்குச் சொன்னதை வைத்துத்தானே என்றேன். "அது மட்டுமா. பொறவு நீ கிளாஸத் திருப்பித் தந்தேல்லா, அதுல உங்க கடைச் சோப்பு வாசம் அடிச்சுது. காட்டிட்டுக் கழுவிட்டான்னு அன்னைக்கே தெரியும்." பிறகு புடவையில் கிள்ளின இடத்தைத் தேடினாள். சிரித்துக்கொண்டேதான் தேடினாள், ஆனால் தேடினாள்.

நீ ரயில் ஏறின மறுநாள் பேப்பர் வந்தது. இந்தத் தரம் வடை மடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல் காலையிலேயே வாங்கினேன். கலர் போட்டோ. இடது பக்கம் நீ. வலது பக்கம் மாஜிதா, மயில்கழுத்துப் பச்சை கண்ணைப் பறிக்கிறது. நடுவில் கிளாஸ். கிளாஸைப் பிடித்தபடி ஒரு கை. அந்தக் கைக்கு மேலே ஆள் இல்லை, வெட்டிவிட்டான். கீழே, 'தோழி மாஜிதாவுடன் டாக்டர் உமாராணி.'

ரத்தம் கொதித்தது. மறைக்க மாட்டேன். மாடன் கோவில் வரைக்கும் நடந்தேன். சூடம்கூட வாங்கிவிட்டேன். அங்கே போய் நின்று, யாரோடு பேச மாட்டேன் என்று சொல்வது என்று யோசித்தேன். பேப்பர்காரனோடு நான் எப்போது பேசினேன். சூடத்தைச் சும்மா ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்று சாயந்திரம் மாஜிதா வந்தாள். மறுபடியும் லேமினேட். ஆனால் இந்தத் தரம் ஒன்றே ஒன்று, அவள் கடைக்கு இல்லை, நம் கடைக்கு மட்டும். கல்லாவுக்கு மேலே அவளே ஆணி அடித்து மாட்டினாள். பிறகு உன் அண்ணனிடம் பில் எழுதுகிற மார்க்கர் பேனாவை வாங்கி, நாற்காலி போட்டு ஏறி, போட்டோவுக்கு வெளியே ஓரத்தில் 'சங்கரி' என்று எழுதி, அங்கிருந்து அந்தக் கைக்கு ஒரு அம்புக்குறி போட்டாள்.

விரல் நுனியில் மருதாணி தெரிகிறது. விழாவுக்கு முந்தின நாள் அவள்தான் போட்டுவிட்டாள்.

துணி வெட்ட எவ்வளவு நேராகக் கோடு போடுகிறவள், நாற்காலியில் நின்று போட்டதால் கை கோணிவிட்டது. அம்பு நேராகப் போகவில்லை. கிளாஸைச் சுற்றி ஒரு வளை வளைந்துதான் என் கையில் வந்து நிற்கிறது.

சங்கரி